தள்ளுவண்டிக்கு ஒரு சட்டம், மதுக்கூடத்துக்கு வேறொரு சட்டம்: காரைக்குடித் தெருவோரத்தில் எது செல்லும்?

மாலை ஆறரை மணிக்குக் காரைக்குடியில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று பாருங்கள். பணியாரக் கல் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சுண்டல் வண்டி, அதை ஒட்டி அவித்த முட்டையும் ஆம்லெட்டும் விற்கும் இன்னொரு வண்டி. நாலடி தள்ளி, இருசக்கர வண்டியின் இருக்கையையே மேசையாக்கிக்கொண்டு இரண்டு பேர் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பாக்கெட்டும் தம்ளரும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பது தனிக் கதை.

கடந்து போகிறவர் கண்ணுக்கு இது முழுவதும் ஒரே தொல்லை. ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ என்று ஒருநாள் லாரி வந்தால் பணியாரக் கல்லும் ஏறும், சுண்டல் வண்டியும் ஏறும். தம்ளர் பிடித்தவர்களுக்கு லாரியில் ஏற்ற ஒன்றுமில்லை. மறுநாள் மாலை அதே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

இந்த ஒரே காட்சியை ஆளும் சட்டங்கள் இரண்டு. அவை எதிரெதிர்ப் புள்ளிகளிலிருந்து தொடங்குகின்றன. வியாபாரிக்கான சட்டம், ‘இவர் இங்கே இருக்கிறார்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே பேசத் தொடங்குகிறது. மதுவுக்கான சட்டம் ‘கூடாது’ என்று தொடங்கி, உரிமம் பெற்ற இடத்துக்கு மட்டும் விலக்குத் தருகிறது. நடைமுறையில் இது தலைகீழாகிவிட்டது. உரிமை உள்ள வண்டிக்காரர் குற்றவாளியைப்போல ஓடுகிறார்; அனுமதியே இல்லாத தெருக்குடி, அனுமதி பெற்றதைப்போல நிற்கிறது. செய்திகளைப் படிக்கும்போது வரும் குழப்பத்தில் பாதிக்குக் காரணம் இதுதான்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

சாலையோர வியாபாரி: தெரு, சந்து, நடைபாதை, பூங்கா போன்ற பொது இடத்திலோ தனியார் இடத்திலோ, தற்காலிக அமைப்பில் இருந்துகொண்டோ ஊர் சுற்றியோ பொருள் விற்பவர், சேவை தருபவர். தரைக்கடை போட்டவர், தள்ளுவண்டிக்காரர், தலைச்சுமையாகக் கீரை விற்பவர், கையேந்தி பவன் நடத்துபவர், செருப்புத் தைப்பவர் எல்லோரும் இதில் அடக்கம்.

ஆக்கிரமிப்பு: பொது நிலத்தில் உரிமையின்றிக் கட்டுவது, வளைத்துப்போடுவது. இதற்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் தொடங்கித் தனிச் சட்டங்கள் உண்டு. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர் வாய்க்கால் மீது படிக்கட்டும் தகரக் கூரையும் நீட்டினால் அது ஆக்கிரமிப்பு; அவர் சாலையோர வியாபாரி ஆகமாட்டார். ஒரே அறிவிப்பில் இரண்டு தரப்பையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கம். படிக்கட்டு இடிபடுவதற்குள் வண்டி போயிருக்கும்.

மதுக்கூடம், அதாவது பார்: டாஸ்மாக் சில்லறைக் கடையோடு இணைந்து, உரிமத்தின்பேரில் இயங்கும் இடம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பார் நடத்துபவருக்குக் கிடைப்பது தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில்களைச் சேகரித்துக்கொள்ளவுமான உரிமை. மது விற்கும் உரிமை அவருக்கு இல்லை. அது கடைக்கு மட்டும். நட்சத்திர ஓட்டல்களும் மனமகிழ் மன்றங்களும் 1981-ஆம் ஆண்டின் மது உரிம விதிகளின்கீழ் வேறு உரிமங்களில் இயங்குபவை.

சந்துக்கடை: கடை மூடிய பிறகும் விடுமுறை நாள்களிலும் பாட்டிலைப் பதுக்கி வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும் திருட்டு வியாபாரம்.

தெருவோர மதுக்கூடம்: சட்டத்தில் இப்படி ஒன்று கிடையாது. எனவே, ‘தெருவோர பார்களை ஒழுங்குபடுத்த வேண்டும்’ என்று யாராவது சொன்னால், இல்லாத உரிமத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார் என்று பொருள். சாலையோரக் கடையைத்தான் ஒழுங்குபடுத்த முடியும். திறந்தவெளிக் குடியைத் தடுக்கத்தான் முடியும்.

வியாபாரியின் உரிமை எங்கிருந்து வந்தது

1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1989-இல் டெல்லி நடைபாதை வியாபாரிகளின் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. நடைபாதையில் விற்பதும் தொழில் செய்யும் உரிமைதான். அதற்கு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் ‘இந்த இடம்தான் எனக்கு வேண்டும்’ என்று எவரும் கேட்க முடியாது. கடைசிப் பகுதியை வியாபாரிகளின் தலைவர்கள் மேடையில் சொல்வதில்லை, முதல் பகுதியை அதிகாரிகள் சொல்வதில்லை.

2010-இல் உச்ச நீதிமன்றம் தனிச் சட்டம் இயற்றும்படி அரசுக்குக் கெடு வைத்தது. சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் சாலையோர விற்பனை ஒழுங்குமுறை) சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கான திட்டத்தையும் விதிகளையும் 2015-இல் வெளியிட்டது. ‘பாதுகாப்பு’ என்ற சொல் முன்னாலும் ‘ஒழுங்குமுறை’ என்ற சொல் பின்னாலும் வருகின்றன. சட்டம் வகுத்த செயல்முறையின் வரிசையும் அதுதான்.

சட்டம் வகுத்த வரிசை

1. கணக்கெடுப்பு. குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, நகரில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கும் எல்லோரையும் கணக்கெடுக்க வேண்டும்.

2. நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையரின் தலைமையில் இயங்கும் இக்குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்கள் தேர்தல் மூலம் வர வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் கொண்ட குழு என்றால் 6 பேர் வியாபாரிகள், அவர்களில் 2 பேர் பெண்கள். கணக்கெடுப்பை நடத்துவதும் இந்தக் குழுதான்.

3. விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும். ஓரிடத்தில் நிற்பவர், நகர்ந்து விற்பவர் என்று பிரித்து வழங்கப்படும். சான்றிதழை வாடகைக்கு விடக்கூடாது, கைமாற்றக்கூடாது. பெற்றவர் இறந்துவிட்டால் கணவனோ மனைவியோ, அவரைச் சார்ந்த பிள்ளையோ, சான்றிதழ்க் காலம் முடியும்வரை கடையைத் தொடரலாம். 14 வயது நிறைந்தாலே சான்றிதழ் பெறலாம் என்று மத்தியச் சட்டம் சொல்வது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயது அது.

4. விற்பனைத் திட்டம். தடையற்ற பகுதி, நேரக் கட்டுப்பாட்டோடு கூடிய பகுதி, விற்கக்கூடாத பகுதி என்று நகரைப் பிரிப்பது.

இந்த வரிசையை மாற்றிப் போட முடியாது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கப்படும்வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்று 3-ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. கணக்கெடுப்பும் திட்டமும் இல்லாமல் எந்தப் பகுதியையும் ‘விற்கக்கூடாத பகுதி’ என்று அறிவிக்கவும் முடியாது. ‘கூட்டமாக இருக்கிறது’ என்ற ஒரே காரணத்துக்காக அப்படி அறிவிக்கக்கூடாது. ‘குப்பையாக இருக்கிறது’ என்பதும், அந்தக் குப்பைக்கு வியாபாரிகள் மட்டுமே காரணமாக இருந்து, உள்ளாட்சி தன் வேலையைச் செய்தும் தீரவில்லை என்றால்தான் காரணமாகும். குப்பைத்தொட்டியே வைக்காத தெருவில் இந்தக் காரணம் செல்லாது.

இந்த இடத்தில் காகிதங்களைப் பற்றிய குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். தினமும் தரைக்கடை வசூலுக்குக் குத்தகைதாரரின் ஆள் கிழித்துக் கொடுக்கும் ரசீது, விற்பனைச் சான்றிதழ் ஆகாது. இத்தனை நாளாக இங்கே கடை போட்டிருக்கிறேன் என்று காட்ட அது உதவும், அவ்வளவுதான். அதேபோல, 2020 ஜூன் மாதம் சாலையோர வியாபாரிகளுக்காகத் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் கடன் வாங்கியவர்கள் பலர், கடன் கிடைத்ததே அனுமதி கிடைத்ததற்குச் சமம் என்று நினைக்கிறார்கள். முதல் தவணையாக 10,000 ரூபாயில் தொடங்கிய அந்தக் கடன் 2025-இல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. காலையில் வாங்கி மாலையில் கட்டும் தண்டல் வட்டியிலிருந்து மீள அது நல்ல வழி. ஆனால், கணக்கெடுப்பில் விடுபட்டவரும் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடு அதைப் பெறலாம் என்பதால், கடன் புத்தகம் சான்றிதழாகாது.

2.5 சதவீதம்: ஒரு கணக்கு

நகரின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை சாலையோர வியாபாரிகளுக்கு இடம் தருவது சட்டத்தின் அளவுகோல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய காரைக்குடி நகராட்சியில் இருந்தவர்கள் 1,06,714 பேர். அதில் 2.5 சதவீதம் ஏறக்குறைய 2,668. இத்தனை பேருக்குச் சட்டப்படி இடம் உண்டு என்பதைக் கேட்டால் பலர் திகைப்பார்கள். ஆனால் தலைச்சுமைக்காரர், சைக்கிளில் பாத்திரம் விற்பவர், கோயில் வாசலில் பூக்கட்டுபவர் எல்லோரையும் எண்ணிப் பார்த்தால் அந்த எண் அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது.

கணக்கெடுப்பில்தான் உண்மையான சிக்கல். காரைக்குடிக்குத் திங்கட்கிழமை என்றால் சந்தை. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து கத்தரிக்காயும் கருவாடும் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் அன்றைக்கு மட்டும் நகரத்து வியாபாரிகள். செவ்வாய்க்கிழமை எண்ணினால் அவர்கள் இருக்கமாட்டார்கள். காலை பத்து மணிக்கு எண்ணினால் பணியாரக்காரர் வீட்டில் மாவரைத்துக்கொண்டிருப்பார். கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழாவிலும், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழாவிலும் வந்து போகும் வளையல் கடைகளும் ராட்டினக்காரர்களும் தனி வகை. எண்ணுகிறவர் எந்த நாள், எந்த நேரத்தில் போனார் என்பதை வைத்தே ஒருவர் ‘இருக்கிறவர்’ ஆகிறார் அல்லது ‘இல்லாதவர்’ ஆகிறார். சந்தை நாளில் ஒருமுறை, சாதாரண நாளில் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று மூன்று தடவையாவது எண்ணாத கணக்கெடுப்பு, இந்த ஊரைப் பொறுத்தவரை, பாதிக் கணக்கெடுப்புதான்.

ஒரு பகுதியின் கொள்ளளவைவிட அதிகம் பேர் தேறினால் குலுக்கல் நடத்தி, மீதிப் பேருக்குப் பக்கத்துப் பகுதியில் இடம் தர வேண்டும். வாங்குகிறவரும் விற்கிறவரும் வழிவழியாகக் கூடும் இடத்தை ‘இயற்கைச் சந்தை’ என்று சட்டம் அழைக்கிறது. அதை விற்கக்கூடாத பகுதியாக்க முடியாது. 50 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயற்கைச் சந்தை, மரபுச் சந்தையாக அறிவிக்கப்பட வேண்டும்; அங்கிருந்து வியாபாரிகளை மாற்றவே கூடாது. செட்டிநாட்டில் மரபு என்றால் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளக்கல்லும்தான் நினைவுக்கு வரும். 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்ற செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகளும் வணிகர்களின் ஊர்கள் என்ற பெயரில்தான் இடம்பெற்றன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் ஊரில், வாசலில் கூடை இறக்கி விற்பவர் மரபுக்கு வெளியே நிற்கிறார்.

அப்படியானால் அகற்றவே முடியாதா?

முடியும். கணக்கெடுப்பும் சான்றிதழ் வழங்குவதும் முடிந்த பிறகு, சான்றிதழ் இல்லாதவரையும், நிபந்தனையை மீறிச் சான்றிதழை இழந்தவரையும் அகற்றலாம். பொதுத் தேவைக்காக ஒரு பகுதியையே காலி செய்து, சான்றிதழ் உள்ளவர்களை வேறிடத்துக்கு மாற்றலாம். ஆனால் இரண்டுக்கும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குப் பிறகும் காலி செய்யாதவருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொருளைப் பறிமுதல் செய்யலாம்.

பறிமுதலில்தான் சட்டம் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கி வருகிறது. எடுத்த பொருள்களின் பட்டியலைப் போட்டு, ஒரு நகலை அங்கேயே வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். வியாபாரி கட்டணம் செலுத்திக் கேட்டால், கெடாத பொருளை இரண்டு வேலை நாள்களுக்குள்ளும், கெடும் பொருளை அன்றைக்கே அன்றைக்கும் திருப்பித் தர வேண்டும்.

பணியாரக் கடையையே எடுத்துக்கொள்வோம். கல், கரண்டி, அடுப்பு, பெஞ்சு ஆகியவை கெடாத பொருள்கள். தூக்குவாளி நிறைய மாவு, அரைத்த சட்னி, தேங்காய்ப் பால் ஆகியவை கெடும் பொருள்கள். மாலை ஏழு மணிக்குப் பறிமுதல் செய்தால், மாவு இரவுக்குள் திரும்பி வர வேண்டும். அலுவலகமோ ஐந்தே முக்காலுக்கே பூட்டியாகிவிட்டது. மறுநாள் காலையில் மாவு பொங்கி வழிந்து புளித்துவிடும். பட்டியல் நகல் இல்லாததால், எடுத்தது ஒரு வாளியா இரண்டு வாளியா என்ற வழக்கும் இல்லை. ஒரு நாள் முதல் போனால் அடுத்த நாள் தண்டல்காரரிடம்தான் போக வேண்டும்.

சட்டத்தை மீறும் வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சான்றிதழின்படி விற்பவரைக் காவல்துறை உட்பட எவரும் தடுக்கக்கூடாது என்று 27-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தடுத்தவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. சட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

நடப்பவர்களின் உரிமை எங்கே என்ற கேள்வி நியாயமானது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி, நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. வண்டிக்கு இடம் குறிக்கும்போது இந்த ஆறடியை விட்டுவிட்டுத்தான் கோடு போட வேண்டும். அந்த அகலம் இல்லாத சாலையில் வண்டி நிற்கக்கூடாது என்று விற்பனைத் திட்டமே சொல்லலாம். அங்கே கார் நிறுத்தவும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும்.

சாலை யாருடையது

எல்லாத் தெருவும் மாநகராட்சியுடையதன்று. நகரைத் தொட்டுச் செல்லும் திருச்சி – இராமநாதபுரம் சாலை தேசிய நெடுஞ்சாலை. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குப் பொருந்தும். மாநில நெடுஞ்சாலைத்துறையின் சாலைகளுக்கு 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம். ரயில்வே நிலத்துக்கு வியாபாரிகள் சட்டமே பொருந்தாது. எனவே, ரயில் நிலைய வளாகத்துக்குள் கடை போட்டவரும் வெளிவாசலுக்கு எதிரே கடை போட்டவரும் இருபதடி இடைவெளியில் வேறு வேறு சட்டத்தின்கீழ் நிற்கிறார்கள். அறிவிப்பு வந்தால், எந்தத் துறையின் கையொப்பம் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மதுவின் பக்கம்

தமிழ்நாட்டில் மது விற்பனை நடப்பது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ். விலக்கச் சொல்லும் சட்டத்தை வைத்துக்கொண்டுதான் விற்கிறோம். 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடைகளும் பார்களும் 2003-ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளின்படி இயங்குகின்றன. கடை நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை.

இடம் பற்றிய விதிகள்:

1. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்விக்கூடம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது. மற்றப் பகுதிகளில் 100 மீட்டர்.

2. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறிக்கப்பட்ட இடங்களுக்கு இந்தத் தூரக் கட்டுப்பாடு இல்லை. மக்கள் மனு கொடுத்தும் பல கடைகள் நகராமல் இருப்பதற்கு இந்த விலக்கு ஒரு காரணம்.

3. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது. 2017 மார்ச்சில், மக்கள்தொகை 20,000-க்கு மிகாத உள்ளாட்சிகளில் 220 மீட்டர் போதும் என்று தளர்த்தியது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமம் பெற்ற கடைகளை இந்தத் தடை கட்டுப்படுத்தாது என்று விளக்கம் தந்தது.

இந்த விதிகள் எல்லாம் பாட்டில் எங்கே விற்கப்படலாம் என்பதைச் சொல்கின்றன. வாங்கிய பாட்டிலை எங்கே குடிப்பது? வீட்டில், அல்லது கடையோடு இணைந்த பாரில். பார் இல்லாத கடை என்றால், அல்லது பாரில் விற்கும் தண்ணீர்ப் பாட்டிலும் சுண்டலும் கட்டுப்படியாகவில்லை என்றால், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதவர் தெருவுக்குத்தான் வருகிறார். கடையைத் திறந்தபோதே இந்தக் கூட்டமும் திறக்கப்பட்டுவிட்டது. அதைத் தேடித்தான் சுண்டல் வண்டி வருகிறது. வண்டியைத் தேடிக் கூட்டம் வரவில்லை.

சுண்டலும் முட்டையும் விற்பது குற்றமில்லை; உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருந்தால் போதும். வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தம்ளரும் தண்ணீரும் வைத்து, ‘இங்கேயே சாப்பிடுங்கள்’ என்று சொல்கிற கணத்தில் அது உரிமம் இல்லாத பார் ஆகிவிடுகிறது. கோடு மெலிந்ததுதான். ஆனால் கோடு இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் ஒரே லாரியில் ஏற்றக்கூடாது.

பின்சுவர்த் தெருக்கள்

செட்டிநாட்டுத் தெரு அமைப்பு இந்தச் சிக்கலுக்குத் தனி முகம் தருகிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. அதனால் சில தெருக்கள் முழுக்க முழுக்கப் பின்சுவர்களால் ஆனவை: ஜன்னல் இல்லை, திண்ணை இல்லை, எட்டிப் பார்க்க ஆள் இல்லை. பங்காளிகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீடு படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும். இரவில் அந்தச் சுவரோரம் குடிப்பவர்களைக் கேட்க யார் இருக்கிறார்கள்? காலையில் உடைந்த பாட்டிலைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

அந்தத் தெருமுனையில் விளக்குப் போட்டுக்கொண்டு ஒரு இட்லி வண்டி நின்றால் என்ன ஆகும்? பெண்கள் வாங்க வருவார்கள், பிள்ளைகள் வருவார்கள், வெளிச்சமும் பேச்சும் இருக்கும். பாட்டிலோடு வந்தவர் வேறு இடம் பார்ப்பார். வண்டியை அப்புறப்படுத்தினால் மிஞ்சுவது இருட்டும் சுவரும் பாட்டிலும்தான். விற்பனைத் திட்டம் வரைகிறவர்கள் வரைபடத்தில் எந்த இடத்தில் வண்டி வேண்டாம் என்று மட்டும் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் வண்டி வேண்டும் என்றும் பார்க்கச் சட்டத்தில் தடையில்லை.

மாநகராட்சி ஆன பிறகு

2024-இல் காரைக்குடி மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி உள்ளிட்ட ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. பெயர்ப் பலகை மாறியதோடு இது முடியவில்லை.

1. எல்லையும் மக்கள்தொகையும் மாறியதால் 2.5 சதவீதக் கணக்கு மாறும். பழைய நகராட்சிக்காக எடுத்த எந்தப் பட்டியலும் புதிய பகுதிகளைக் காட்டாது.

2. ஊராட்சியாக இருந்தபோது 100 மீட்டராக இருந்த மதுக்கடைத் தூரம், மாநகராட்சி எல்லைக்குள் வந்ததும் 50 மீட்டராகக் குறைகிறது. நெடுஞ்சாலைத் தடையிலும் நகர எல்லைக்கான விளக்கம் அங்கெல்லாம் வந்துவிடுகிறது. ஊர் ‘வளர்ந்ததால்’ பள்ளிக்கூடத்துக்கு மதுக்கடை சட்டப்படி நெருங்கி வரலாம். இதை எந்த வரவேற்பு வளைவிலும் எழுதமாட்டார்கள்.

3. கிராம சபை இல்லாமல் போகிறது. அதன் இடத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும். மதுக்கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் இனி வேறு மேடையில் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்.

4. தெருவில் மது விற்க அனுமதிக்கவோ, கடையை மூடவோ மாமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. அது மாநில அரசின் விதி. தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநகராட்சிக்கு உண்டு. தன்னால் முடியாததைப் பற்றி எல்லோரும் பேசக் கேட்டுவிட்டு, தன்னால் முடிகிற இடத்தில் லாரியை அனுப்புவது எந்த நிர்வாகத்துக்கும் எளிய வழி.

எந்தக் கதவைத் தட்டுவது

மதுக்கடையின் இடம் பற்றிய புகார் மாவட்ட ஆட்சியருக்கும் டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்கும் போக வேண்டும். திறந்தவெளிக் குடியும் சந்துக்கடையும் காவல்துறையின் பாடு. வண்டி உணவின் தரம் உணவுப் பாதுகாப்பு அலுவலரின் பாடு. வண்டி நிற்கும் இடம் மட்டுமே மாநகராட்சி ஆணையரின் பாடு. நாலையும் ஒரே மனுவில் எழுதி ஆணையரிடம் கொடுத்தால், அவரால் தீர்க்க முடிந்த ஒன்று மட்டும் தீரும். எந்த ஒன்று என்பது லாரி வந்த இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது.

வியாபாரிகள் தங்கள் தகராறுகளையும் குறைகளையும், முன்னாள் உரிமையியல் நீதிபதியோ குற்றவியல் நடுவரோ தலைமை தாங்கும் குறைதீர்ப்புக் குழுவிடம் கொண்டு போகலாம். அப்படி ஒரு குழுவை அமைக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு.

குடியிருப்பவரோ வியாபாரியோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கக்கூடியவை இவை. கடைசிக் கணக்கெடுப்பு எந்தெந்தத் தேதிகளில், எந்த நேரத்தில் நடந்தது? சேர்க்கப்பட்ட பகுதிகளில் நடந்ததா? நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்கள் யார், அவர்களில் தேர்தலில் வென்று வந்தவர்கள் யார்? குழு கடைசியாக எப்போது கூடியது, நடவடிக்கைக் குறிப்பின் நகல் என்ன? கடந்த ஓராண்டில் பறிமுதல் செய்த பொருள்களுக்கு எத்தனை பட்டியல்கள் தரப்பட்டன, எத்தனை பேருக்குப் பொருள் திரும்பக் கிடைத்தது? 30 நாளில் பதில் வர வேண்டும். தேதி கேட்ட முதல் கேள்விக்கு ஒரு திங்கட்கிழமையாவது பதிலில் இருக்கிறதா என்று பாருங்கள்.